பாகை

டொக்டர் அருமைத்துரை கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு
சட்டைக்கு அளவு கேட்பவர்போலக் கேட்டார்:
"எத்தினை பாகையில வைக்கட்டும், ரீச்சர்?"

அதற்குமுன் மூன்று தடவை திறந்தாயிற்று.
முதல் இரவு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை.
வாட்டு ஊழியர் மார்க்கண்டு
நிறுத்திவைத்த சைக்கிளை மிதிக்க
டைனமோ வெளிச்சத்தில் என் முழங்கையைக் கழுவியிருக்கிறார்கள்.
அவர் களைத்தபோதெல்லாம் எலும்பு மங்கியதாம்.
செல் துண்டு இரண்டு,
சேலைத்தலைப்பின் நூல்,
பள்ளிக்கூட வளவு மண்.
எடுத்தார்கள். தைக்கவில்லை.
ஐந்து நாள் அந்தக் காயம்
வாயை மூடச் சொன்னால் மூடாத
பின்வாங்கு மாணவிபோலத் திறந்தே கிடந்தது.

மூட்டு போய்விட்டது, இனி மடங்காது.
மேலெலும்பையும் கீழெலும்பையும் ஒன்றாக்கிவிடலாம்.
மிஞ்சிய வழுவழுப்பைச் சுரண்டியெடுத்தால்தான்
எலும்பும் எலும்பும் ஒட்டும் என்றார்.
ஒட்டினால் ஒரே கோணம்.
சாகும்வரை அதுதான்.

பிஸ்கற் பெட்டி மட்டையை வளைத்துக் கட்டி
ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு நாள் தந்தார்.
"சீவிச்சுப் பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ."

எங்கள் முதல் தகராறு கணக்கில்தான்.
அவர் நீட்டிய கையைப் பூச்சியம் என்கிறார்.
எனக்கு அது நூற்றெண்பது, நேர்கோணம்.
அவருடைய அறுபது என்னுடைய நூற்றிருபது.
மிகைநிரப்பு, டொக்டர், என்றேன்.
தொண்ணூறில் மட்டும்
நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் நின்றோம்.

அவருடைய நூற்றிருபதில்
சோறு வாய்க்கு எட்டியது. பின்னலும் எட்டியது.
ஆனால் கை நாள் முழுக்க நெஞ்சுக்கு முன்னால்
யாரிடமோ எதையோ இரந்துகொண்டிருந்தது.
தொண்ணூறில் கைப்பை மாட்டலாம்.
கையெழுத்துப் போடலாம்.
வேறொன்றும் நினைவில் இல்லை.
அறுபதில், மார்க்கண்டு அந்தச் சைக்கிளையே உருட்டி வந்தார்.
பிடி கைக்குள் வந்தது.
பிறகு வாட்டுச் சுவரில் விரலால் எழுதிப் பார்த்தேன்,
தலைக்கு மேலே ஒரு வரி,
இடுப்பளவில் ஒரு வரி.

பக்கத்துக் கட்டில் ரெஜினா, குருநகர். அவளுக்கு இடுப்பு.
"என்னட்டையும் கேட்டவர்," என்றாள்,
"இருக்கிறதோ நிக்கிறதோ எண்டு.
வலை பொத்த இருக்கவேணும்.
மாதாவுக்கு முன்னால முழந்தாளிலை நிக்கவேணும்.
கணக்கு ரீச்சர்தானே, நீங்களே சொல்லுங்கோ."
நான் சொல்லவில்லை.
எந்தத் தேற்றத்திலும் அது இல்லை.

அறுபது என்றேன்.
"வாய்க்கு எட்டாது," என்றார்.
தெரியும்.
"ஒருக்கா ஒட்டினா..."
தெரியும், டொக்டர்.

இப்போது இடக்கையால் உண்கிறேன்.
கலியாண வீட்டுப் பந்தியில்
இலைக்கு எதிரே இருப்பவர்கள் முதலில் கையைப் பார்ப்பார்கள்,
பிறகு பருப்பைப் பார்ப்பார்கள்.
வலக் கண்ணில் தூசு விழுந்தால்
இடக் கை சுற்றி வரவேண்டும்.
சோதனைச்சாவடியில் கையை உயர்த்தச் சொன்னபோது
ஒன்றுதான் நேராக உயர்ந்தது.
மற்றதை அவன் நெடுநேரம் பார்த்தான்.
வளைவுக்குள் எதையாவது வைத்திருக்கிறேனோ என்று
தட்டியும் பார்த்தான்.

ஒன்பதாம் வகுப்பில் வட்டம் படிப்பிக்கும் நாள்,
வெண்கட்டியைப் பிடித்துக்கொண்டு
பலகைக்குப் பக்கவாட்டில் நின்று
தோளிலிருந்து ஒரே வீச்சு.
மடங்காத கைக்கு ஆரை மாறாது.
தொடங்கிய புள்ளியிலேயே வந்து முட்டும்.
பிள்ளைகள் "ஆ" என்பார்கள்.
கவராயம் தேடி அலுமாரி திறப்பதில்லை நான்.

சின்ன வட்டம் மட்டும் கீற வராது.
அதற்கு
அவர்களில் ஒருத்தி எழும்பி வரவேண்டும்.